நமத்ததா, காறியதா, வாடை ஏறியதா: மலை ஊர்களில் பார்லி மால்ட்டைச் சோதிக்கும் முறை

மால்ட் கெடுவதற்குச் சமவெளியில் சொல்லும் காரணங்கள் உதகைக்கும் கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பாதிதான் பொருந்தும். அங்கே வெக்கை கெடுக்கும். இங்கே மூட்டைக்குள் ஏறும் ஈரம் கெடுக்கும், பக்கத்தில் வைத்த பொருளின் வாடை கெடுக்கும். இன்னொன்றும் உண்டு: மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அது தெரியாமல் வேலை செய்தால் நல்ல மால்ட்டின் மேலேயே பழி விழும்.

இங்கே பேசுவது அடிப்படை மால்ட்டைப் பற்றி. முளைகட்டி, மிதமான சூட்டில் உலர்த்திய வெளிர்நிற பார்லி. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் இதில்தான் உயிரோடு இருக்கும். வறுத்த மால்ட்டிலும் கேரமல் மால்ட்டிலும் இருக்காது. வீட்டில் மால்ட் பானம், மால்ட் பாகு, ரொட்டி செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால் இந்த வழிமுறை இனிப்பான மால்ட் சாற்றோடு நின்றுவிடும்.

முதலில் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நமத்த மால்ட்டை மீட்கலாம், காறிய மால்ட்டை மீட்க முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நமத்ததைக் கொட்டிவிட்டுக் காறியதை உலர்த்திக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

எதையும் முடிவு செய்யும் முன்: பிளாஸ்க் சோதனை

மூட்டை புதிதாக வந்த அன்றே 200 கிராம் எடுத்து, காற்றுப்புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் அளவுகோல். நாக்கின் ஞாபகத்தை நம்பி மூன்று மாதத்துக்கு முந்தைய சுவையோடு ஒப்பிடவே முடியாது.

50 கிராம் மால்ட்டை மிக்ஸியின் சின்ன ஜாரில் 10 விநாடி அரையுங்கள். மெல்லிய ரவையும் மாவும் கலந்த பதம் போதும். தெர்மாஸ் பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பிளாஸ்க் சூட்டைக் குடித்துவிடும். பிறகு மாவைப் போட்டு 68 டிகிரி நீர் 400 மி.லி. ஊற்றினால் கலவை 65 டிகிரிக்கு வந்து நிற்கும். உதகையில் வெப்பமானி இல்லாதபோது உத்தேசக் கணக்கு இது: கொதிக்கும் நீர் 275 மி.லி., 15 டிகிரியில் இருக்கும் குழாய்நீர் 125 மி.லி. மூடியை இறுக்கி 20 விநாடி குலுக்கி, 15 நிமிடம் வைத்து, ஈரமாக்கிய காபி வடிகட்டித் தாளில் வடியுங்கள். துணியில் வடித்தால் சோப்பு வாடை சேரும்.

வடித்த சாறு அறைச் சூட்டுக்கு ஆறியபின் முதலில் முகருங்கள், பிறகு சுவையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஃப்ரீசர் மாதிரியையும் இதே நேரத்தில், இதே தண்ணீரில் தயாரித்து, எது எது என்று தெரியாதபடி வீட்டில் வேறு ஒருவரை டம்ளர்களை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் மால்ட்டில் குறை இல்லை.

நகராட்சிக் குழாய்நீரில் பிளீச்சிங் பவுடர் வாடை இருந்தால் சோதனையே வீண். குளோரின் மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்து மருந்து வாடையாகும். 15 நிமிடம் திறந்து கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையே எடுங்கள்.

பூசணம் கண்ணுக்குத் தெரிந்தாலோ, மக்கல் வாடை அடித்தாலோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதை வாயில் வைக்கக்கூடாது.

கடித்தால் மொறுமொறுப்பு இல்லை

நல்ல மால்ட் பொரிகடலை போலப் பல்லில் பட்டதும் உடையும். உள்ளே வெள்ளை மாவு, பத்து விநாடி மென்றால் இனிப்பு. நமத்தது வளையும், சவைக்கும், மில்லில் உடையாமல் தட்டையாகும்.

ஈரத்தை அளந்து பார்க்கலாம். கொஞ்சமாக எடுத்தால் சமையலறைத் தராசின் பிழை கணக்கையே விழுங்கிவிடும். 50 கிராம் எடுங்கள். கரகரப்பாக அரைத்து, அகலத் தட்டில் மெல்லப் பரப்பி, ஓவனில் 105 டிகிரியில் 3 மணி நேரம் வையுங்கள். மூடிபோட்டு ஆறவைத்து நிறுத்துப் பாருங்கள். திறந்து ஆறவைத்தால் ஆறுவதற்குள்ளேயே ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். 2 முதல் 2.5 கிராம் குறைந்தால் ஈரம் 4–5 சதவீதம்; புதிய மால்ட்டின் அளவு இதுதான். 3 கிராம் குறைந்தால் எல்லையில் நிற்கிறது. 4 கிராம் என்றால் இன்றே உலர்த்த வேண்டும். 6 கிராம் குறைந்தால் ஈரம் 12 சதவீதம், வண்டுக்கு வசதியான இடம், பூசணம் பிடிக்கும் எல்லையும் பக்கம்தான். மழைக்காலத்தில் சாக்கை அவிழ்த்தபடி விட்டால் இந்த அளவைத் தாண்டுவது கூடலூர்ப் பக்கம் சர்வசாதாரணம்.

உலர்த்துவதற்கு 50–55 டிகிரி போதும். ஓவன் கதவை ஒரு கரண்டி நுழையும் அளவு திறந்து வையுங்கள். ஈரக் காற்று வெளியேற வழி வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் கனமாகப் பரப்பாதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை கிளறுங்கள். எப்போது நிறுத்துவது என்பதைத் தராசு சொல்லும்: 9 சதவீத ஈரமுள்ள 1 கிலோ மால்ட் 953 கிராமுக்கு வரும்போது ஈரம் 4.5 சதவீதம் ஆகியிருக்கும். அவசரப்பட்டு சூட்டை ஏற்றினால், ஈரம் நிறைய இருக்கும்போதே நொதிகள் செத்துவிடும். காய்ந்த மால்ட் தாங்குகிற சூட்டை ஈரமான மால்ட் தாங்காது.

வெயிலில் காயவைக்கலாமா என்றால், ஜனவரி முதல் மார்ச் வரை உதகையின் உச்சிவெயிலில் ஓரளவு பலன் உண்டு. ஆனாலும் தானியம் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ற அளவில்தான் நிற்கும். 5 சதவீதத்துக்கு இறங்காது. மூடுபனி இறங்கும் முன் உள்ளே எடுக்காவிட்டால் காலையில் காய்ந்தது மாலையில் திரும்ப ஏறிவிடும்.

உலர்த்தியதைத் தேக்கரண்டி விட்டு விட்டு எடுக்கும் பெரிய டப்பாவில் போடாதீர்கள். 1 கிலோ, 2 கிலோ பாக்கெட்டாக ஒட்டி, ஒன்று முடிந்தபின் அடுத்ததைத் திறங்கள். பெரிய மூட்டையைப் பிரித்து அடைக்கும் வேலையை உதகையிலும் குன்னூரிலும் பனிக்காலம் கழிந்த வறண்ட பகல்களுக்கு ஒத்திவைப்பது நல்லது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கிறது என்பதை மறந்து, ஆகஸ்ட் முடிந்ததும் ஆபத்து முடிந்துவிட்டது என்று திறந்துவிடுகிறார்கள்.

மொறுமொறுப்பு இருக்கிறது, ஆனால் சாற்றில் பழைய வாடை

நனைந்த அட்டைப்பெட்டி, பழைய தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை, விழுங்கியபின் தொண்டையில் காறல். மூன்றும் ஒரே குறையின் வெவ்வேறு கட்டங்கள். பார்லியில் எண்ணெய் 2–3 சதவீதம்தான், ஆனால் அதில் பெரும்பங்கு லினோலியிக் அமிலம். காற்றுப்பட்டால் அது சிதையும். தானியத்திலேயே உள்ள லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி அதைத் துரிதப்படுத்தும். அட்டைப்பெட்டி வாடைக்குக் காரணமான நானினல் இந்த வழியில்தான் உருவாகிறது.

முழுத் தானியத்தில் உமியும் தோலும் காவல். அரைத்த மறுகணமே காவல் போய்விடும். முழு மால்ட் மூடிய பையில் குளிர்ந்த இடத்தில் ஒரு வருடம் நன்றாக இருக்கும். அரைத்ததை மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கடையில் அரைத்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டு மிக்ஸியில் அந்தந்தத் தடவைக்கு அரைப்பதே சரி.

இதற்குத் தீர்வு இல்லை. உலர்த்தினாலும் வறுத்தாலும் காறல் போகாது. வறுத்தால் சிலமணி நேரம் மறைந்து, பாகாகக் காய்ச்சும்போது அடர்ந்து திரும்ப வரும். நல்ல மால்ட்டோடு கலந்து தீர்த்துவிடலாம் என்ற யோசனையும் கெடுதல். நல்லதும் சேர்ந்து வீணாகும். பூசணம் இல்லாமல் காறல் மட்டும் என்றால் கோழிக்குப் போடலாம்.

புகை, தைலம், பூண்டு

மலை வீடுகளுக்கே உரிய குறை இது. உலர்ந்த மால்ட் ஈரத்தை இழுப்பது போலவே வாடையையும் இழுக்கும்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் மலைப்பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைப்பது வழக்கம். பூண்டுக்கு அது நல்லது. அதே பரணில் மால்ட் பையை ஏற்றினால் புகையும் பூண்டும் இரண்டும் ஏறிவிடும். நீலகிரியில் தைல பாட்டில் இருக்கும் அலமாரி, கற்பூரம், நாப்தலீன் உருண்டை போட்ட கம்பளிப் பெட்டி, அறைக்குள் வைக்கும் கரியடுப்பு, மண்ணெண்ணெய் கேன் என்று இதற்குக் காரணங்கள் பல. சாதாரண பாலித்தீன் பை ஈரத்தைத் தடுக்கும், இந்த வாடைகளைத் தடுக்காது. தைலமும் நாப்தலீனும் அதை ஊடுருவி உள்ளே போகும். ரப்பர் வளையம் உள்ள எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடி ஜாடியோ தேவை.

வாடை உமியோடு நின்றதா, உள்ளே போய்விட்டதா என்று பார்க்க, பத்து மணிகளை உமி நீக்கி உடைத்து வெறும் உள்மாவை முகருங்கள். உள்மாவில் வாடை இல்லையென்றால், காற்றோட்டமான வறண்ட அறையில் ஒருநாள் பரப்பி வைத்துவிட்டு பிளாஸ்க் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். லேசான விறகுப்புகை மட்டும் என்றால் அடர்நிறப் பாகுக்குப் பயன்படும், சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். மண்ணெண்ணெயும் நாப்தலீனும் பட்டது எதற்கும் ஆகாது.

சாறு இனிக்கவில்லை, அயோடினில் நீலம் மாறவில்லை

மால்ட் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் சோதனை சரியா என்று பாருங்கள். 100 கிராம் அரைத்த மால்ட்டை, சூடாக்கிய பிளாஸ்கில் போட்டு 73 டிகிரி நீர் 300 மி.லி. ஊற்றினால் கலவை 66-க்கு வரும். 30 நிமிடம் கழித்து மேலே தெளிந்த சாற்றை மட்டும் வெள்ளைச் சாசரில் இரண்டு சொட்டு விட்டு, நன்றாக ஆறியபின் மருந்துக்கடை பொவிடோன் அயோடினைப் பத்து மடங்கு நீர் கலந்து ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சளாகவே நின்றால் மாவு முழுதும் சர்க்கரையாகிவிட்டது. நீலம் கறுத்தால் மாவு மிச்சம். சாறு சூடாக இருந்தால் மாவு இருந்தும் நீலம் வராது. அதேபோல உமித்துணுக்கு விழுந்திருந்தால் மாவு தீர்ந்தபின்னும் கறுக்கும். இந்த இரண்டு தவறும் எதிரெதிர்த் திசையில் ஏமாற்றும்.

இனி வெப்பமானி. புது வெப்பமானியைக் கொதிநீரில் வைத்து 100 காட்டும்படி திருகிச் சரிசெய்வது சமவெளிப் பழக்கம். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். இரண்டிலும் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். குன்னூரில் 94-ஐ ஒட்டி. உதகையின் கொதிநீரில் 100 என்று திருகிவைத்த வெப்பமானி எப்போதும் 7 டிகிரி அதிகம் காட்டும். அது 66 காட்டும்போது கலவை உண்மையில் 59-இல் இருக்கிறது. அந்தச் சூட்டில் பார்லி மாவு சரியாக வேகாது, வேகாத மாவை நொதி தொடாது, அயோடின் நீலமாகவே நிற்கும். மால்ட் மேல் ஒரு குறையும் இருக்காது. மலையில் வெப்பமானியைச் சரிபார்க்க ஐஸ்தான் நம்பகம்: டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடுக்கு நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர், கலக்கிவிட்டு இரண்டு நிமிடம். 0 காட்ட வேண்டும்.

வெப்பமானி சரி, அரைப்பும் சரி, இன்னும் நீலம் என்றால் மூன்று சந்தேகங்கள் மிச்சம். நெடுநாள் ஈரத்தில் கிடந்து நொதி போயிருக்கலாம். உலர்த்தும்போது சூடு மிஞ்சியிருக்கலாம். அல்லது வாங்கியது அடிப்படை மால்ட்டே இல்லாமல் வறுத்த வகையாக இருக்கலாம். 100 கிராமில் 30 கிராமை ஃப்ரீசர் மாதிரியால் மாற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். அரை மணியில் மஞ்சளானால் பழைய மால்ட்டில் மாவு இருக்கிறது, நொதிதான் இல்லை. சுவை நன்றாக இருந்தால் இப்படிக் கலந்தே தீர்க்கலாம்.

கேழ்வரகு மால்ட் கலப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கேழ்வரகு மாவு பார்லியைவிடக் கூடுதல் சூட்டில்தான் வேகும். அதைத் தனியாகக் கஞ்சியாகக் காய்ச்சி, 66-க்கு ஆறவைத்து, பிறகு பார்லி மால்ட்டோடு சேர்த்தால் நீலம் மறையும்.

அவித்த மக்காச்சோள வாடை

பிளாஸ்க் சோதனையில் இல்லாத வாடை, சாற்றைக் காய்ச்சியபின் வருகிறதா? அது மால்ட் பழசானதால் வந்தது இல்லை. முளைக்கும் பார்லியில் எஸ்-மெத்தில் மெத்தியோனின் என்ற சேர்மம் உருவாகிறது. சூடுபட்டால் அது உடைந்து டைமெத்தில் சல்பைடு ஆகும். மக்காச்சோள வாடை அதனுடையது. காய்ச்சும்போது உருவாகி ஆவியோடு போய்விட வேண்டும்.

100 டிகிரியில் அந்தச் சேர்மம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். சூடு 6 டிகிரி குறைந்தால் நேரம் இரட்டிப்பாகும். உதகையின் 93 டிகிரியில் 80 நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஆகவே சமவெளிக் குறிப்பில் 60 நிமிடம் காய்ச்சச் சொன்னால் இங்கே இரண்டு மணி நேரத்துக்குமேல் காய்ச்சுவது கணக்கு. மூடியைப் போடக்கூடாது, மூடியில் படிந்து சொட்டும் நீரோடு வாடையும் திரும்ப விழும். அடுப்பை அணைத்தபின் சூடாகவே மூடிவைத்தால் வாடை உருவாவது தொடரும், ஆவியாவது நின்றுவிடும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சீக்கிரம் ஆறவையுங்கள்.

விறகும் கேஸும் மிச்சமாக வேண்டுமானால் பிரஷர் குக்கர் உதவும். உமியில்லாமல் வடித்த சாறு மட்டும், பாதிக்கும் குறைவாக ஊற்றி, 20 நிமிடம். மால்ட் சாறு பொங்கும். அதிகம் ஊற்றினால் வெயிட் துளை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் தானாக இறங்கியபின் திறந்து, மூடியில்லாமல் இன்னும் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். உடைந்த சேர்மத்தின் வாடை அப்போதுதான் வெளியேறும்.

வாங்கும்போதே, குறைந்த சூட்டில் உலர்த்திய பில்ஸ்னர் மால்ட்டைத் தவிர்த்து பேல் ஏல் மால்ட்டைத் தேர்ந்தெடுப்பது இதைவிட எளிது. கூடுதல் சூட்டில் உலர்த்தியதால் அதில் இந்தச் சேர்மம் குறைவு. மலை வீட்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பதும் அதைத்தான்.

பச்சை வாடை, கசப்பு

பச்சைப்பயறு, வெட்டிய புல் வாடை என்றால் மால்ட் மிகப் புதியது. உலர்த்தி வந்தபின் மூன்று நான்கு வாரம் மூடியே வைத்தால் அடங்கும். வீட்டில் முளைகட்டியதானால் கடைசிச் சூடு போதவில்லை: முதலில் 50 டிகிரியில் நன்றாக மொறுக்கும்வரை காயவைத்து, அதன்பின் 80–85 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம்.

கசப்புக்கு வீட்டு மால்ட்டில் பெரும்பாலும் வேர்தான் காரணம். காய்ந்த சூட்டோடு சாக்குத்துணியில் தேய்த்துப் புடைத்தால் உதிர்ந்துவிடும். விட்டால் கசப்பதோடு ஈரத்தையும் இழுக்கும். கசப்பு இல்லாமல் துவர்ப்பு மட்டும் என்றால் உமியைத் தூளாக அரைத்திருக்கிறீர்கள், அல்லது சக்கையைக் கொதிநீரில் அலசியிருக்கிறீர்கள். அலசும் நீர் 77 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

பை உப்பியிருக்கிறது

மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ தட்டையாக இருந்த பை மலையேறியதும் உப்பும். மேலே காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான். கெட்டுப் புளித்ததன் அறிகுறி இல்லை. ஊசியால் குத்திக் காற்றை இறக்காதீர்கள், அந்தத் துளை வழியே ஈரம் ஏறும். வந்தவுடன் திறக்கவும் வேண்டாம். ஒரு நாள் அறையில் வைத்து, தானியமும் அறையும் ஒரே சூட்டுக்கு வந்தபின் திறங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டிலுக்கும் இதே விதி; சில்லென்று திறந்தால் தானியத்தின் மேலேயே நீர் படியும்.

வண்டு, அந்து, பூசணம்

பைக்கு அடியில் மெல்லிய மாவுத்தூள், மணிகளில் குண்டூசித் துளை என்றால் வண்டு. நூலாம்படை கட்டியிருந்தால் அந்து. உதகையின் குளிரில் இரண்டும் மெதுவாகத்தான் பெருகும்; சமவெளியிலிருந்து பையோடு வருபவை அடுப்பங்கரைச் சூட்டில் வைத்தால் பெருகும். சந்தேகமான பையை மூடியபடியே ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் சலியுங்கள். ஒருபிடியில் ஒன்றிரண்டு துளைமணிக்கு மேல் தெரிந்தால் சலித்தும் பயனில்லை, சுவையில் கசப்பு ஏறியிருக்கும்.

சாம்பல், பச்சை நிறப் பூப்பு, மக்கல் வாடை, மணிகளில் இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கறை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மொத்தப் பையும் போக வேண்டும். பொறுக்கி எடுத்து மிச்சத்தைப் பயன்படுத்தாதீர்கள். பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தெரியாத மணியிலும் இருக்கும், கொதித்தாலும் போகாது. மாட்டுக்கும் வைக்காதீர்கள், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அதைத் தின்ற மாட்டின் பாலில் வந்து சேரும். கோழிக்கும் கூடாது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் பையோடு எடுத்துப்போய்க் குழியில் கொட்டி மண் மூடுங்கள். அந்தப் பையையும், அதன் பக்கத்தில் இருந்த சாக்கையும் திரும்ப மால்ட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம்.